ஒன்றின் கீழ் ஒன்று: கணினித் திரையில் பத்திகள் நேரான கதை

எக்செலில் கணக்கு எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது இதைப் பார்த்திருப்பீர்கள். தொகை இருக்க வேண்டிய கட்டத்தில் ##### என்று வேலி போட்டதுபோல் ஏதோ வந்து நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் கணக்கே அழிந்துவிட்டது என்று பதறிப்போவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்துவிடுவார்கள். தொகை பத்திரமாக வெளியே வந்துவிடும்.

அது கோளாறு இல்லை. "இடம் போதவில்லை. பாதி எண்ணைக் காட்டி உங்களை ஏமாற்றுவதைவிட ஒன்றுமே காட்டாமல் இருந்துவிடுகிறேன்" என்று அந்த மென்பொருள் சொல்லும் விதம் அது. இந்த நாணயம் எக்செல் கண்டுபிடித்ததும் இல்லை. தட்டச்சு மெஷினில் தொடங்கி, துளையட்டை, பிரின்டர், கறுப்புத் திரை என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்துக்கொண்டு வந்த ஒரு வழக்கு இது. எண்களும் பெயர்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக நேராக நிற்க வேண்டும். சரி, இடம் போதாவிட்டால்?

இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் அந்தக் கதையைச் சொல்கிறேன். நம் குடியிருப்பில் கணினித் துறையில் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கதையின் பின்பாதி கொஞ்சம் தெரிந்திருக்கும். முன்பாதி, டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்த பெரியவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'காலம்' என்று எழுதினால் பாதிப் பேர் நேரம் என்று படிப்பீர்கள். அதனால் மேலிருந்து கீழாக வரும் வரிசையைப் 'பத்தி' என்கிறேன். ஒரு வரியில் ஓர் எழுத்து உட்காரும் அளவை 'இடம்' என்கிறேன்.

ஸ்டேட்மென்ட் பேப்பர்

ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சு இயந்திரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். அதில் எந்த எழுத்தை அடித்தாலும் காகிதம் ஒரே அளவுதான் நகரும். ஒல்லியான 'ஐ'க்கும் அகலமான 'டபிள்யூ'வுக்கும் ஒரே இடம். அச்சுக்கோப்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள். எழுத்துக்கேற்ற அகலம் கொடுப்பதுதானே அவர்கள் தொழில். ஆனால் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது வரமாக அமைந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே இடம் என்றால், காகிதம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள் போட்ட கணக்கு நோட்டு மாதிரி ஆகிவிடுகிறது. ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து அடிக்கும் வகை பைக்கா, 12 அடிப்பது எலைட்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் 'டேபுலேட்டர்' என்ற வசதி மெஷின்களில் சேர்ந்தது. நகரும் பாகத்தின் பின்னால் சிறு உலோகத் தடுப்புகளை வேண்டிய இடத்தில் செருகி வைத்துவிட்டு, சாவியை அழுத்தினால் அது சரேலென்று ஓடி அடுத்த தடுப்பில் போய் நிற்கும். இன்று நம் கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் 'டேப்' இதன் நேர் வாரிசு. பேர்கூட மாறவில்லை. கணக்கு அலுவலகங்களுக்கென்றே 'டெசிமல் டேபுலேட்டர்' வைத்த மெஷின்களும் வந்தன. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று தனித்தனிச் சாவிகள். அடிக்கப் போகும் தொகை எத்தனை இலக்கம் என்று பார்த்து அதற்குரிய சாவியை அழுத்தினால், ஒன்றாம் இலக்கம் ஒன்றாம் இலக்கத்தின் கீழேயே வந்து உட்காரும்.

நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் படித்தவர்களுக்கு 'ஸ்டேட்மென்ட்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். வேகத் தேர்வு ஒரு பேப்பர் என்றால், கடிதமும் ஸ்டேட்மென்டும் இன்னொரு பேப்பர். கோணல்மாணலாகக் கையால் எழுதிய பட்டியல் ஒன்றைக் கொடுப்பார்கள். அதை நேரான பத்திகளாக அடித்துத் தர வேண்டும். உடனே அடிக்க ஆரம்பித்தவன் தொலைந்தான். முதலில் ஒவ்வொரு பத்தியிலும் மிக நீளமான சொல் எது என்று தேடி, அதன் எழுத்துகளை எண்ண வேண்டும். எல்லாப் பத்திகளின் நீளத்தையும் கூட்டி, காகிதத்தின் மொத்த இடத்திலிருந்து கழித்து, மிச்சத்தை இடைவெளிகளுக்குப் பங்கு போட வேண்டும். அப்புறம்தான் டேப் தடுப்புகளைச் செருகுவது, அடிப்பது எல்லாம்.

இந்த முறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பட்டியலையும் பார்த்து முடிக்காமல் முதல் வரியை அடிக்க முடியாது. இதே உண்மை யூனிக்ஸ் காலத்தில் திரும்ப வரப்போகிறது.

அட்டையில் 80 இடம்

இன்னொரு பக்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் 1880-இல் எடுத்த கணக்கை அட்டவணைப்படுத்தி முடிக்கச் சுமார் எட்டு ஆண்டுகள் ஆயின. 1890 கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் என்ற பொறியாளர் துளையட்டையோடு வந்தார். அட்டையில் எந்த இடத்தில் துளை இருக்கிறது என்பதுதான் தகவல். இந்த இடத்தில் துளை என்றால் ஆண், அந்த இடத்தில் என்றால் பெண். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு 1911-இல் இணைந்து, 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது.

ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த அட்டைதான் நம் கதைக்கு முக்கியம். அதுவரை வட்டத் துளைகளோடு 45 பத்திகள் இருந்தன. துளையைச் செவ்வகமாகக் குறுக்கி, அதே அட்டையில் 80 பத்திகளைப் புகுத்திவிட்டார்கள். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து அல்லது ஓர் இலக்கம். அட்டை வழக்கொழிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த 80 மட்டும் போகவில்லை. 1970-களில் ஐபிஎம் 3270 திரை வந்தது, 80 இடம். 1978-இல் டிஜிட்டல் நிறுவனத்தின் விடி100 வந்தது, அதிலும் 80. இன்றும் பல லேப்டாப்களில் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்தால் 80 இடம் அகலத்தில்தான் திறக்கிறது. மாமியார் உடைத்த பானையின் ஓட்டை மருமகள் பத்திரப்படுத்துவதுபோல்.

80 என்பது தாராளமாகத் தெரியலாம். ஓர் ஆளின் பெயர், ஊர், எண், தேதி, தொகை எல்லாவற்றையும் ஒரே அட்டையில் அடைக்கப் பார்த்தால் அதன் நெருக்கடி புரியும். பெயருக்கு 20, தொகைக்கு 8, தேதிக்கு 6 என்று வீட்டு மனைபோல் அளந்து பிரித்தார்கள். தேதிக்கு 8 கொடுக்காமல் 6 கொடுத்ததில் மிச்சம் பிடித்த அந்த இரண்டு இடம், ஆண்டில் '19' என்ற இரண்டு இலக்கம்தான். அந்தச் சிக்கனத்துக்கான வட்டியை 1999-இல் உலகம் முழுவதும் ஒய்2கே என்ற பெயரில் கட்டினார்கள். அந்த வேலைக்காக அமெரிக்கா போனவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கலாம். அவர்களின் விமான டிக்கெட்டுக்குப் பின்னால், ஏதோ ஒரு காலத்தில் அட்டையில் இரண்டு பத்தியை மிச்சம் பிடித்த ஒரு புண்ணியவான் இருக்கிறார்.

நட்சத்திரமா, கத்திரிக்கோலா?

கதையின் மையமான வழக்குக்கு வருவோம். ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவான ஃபோர்ட்ரான் மொழி 1957-இல் வந்தது. விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்குமான மொழி. விடையை எப்படி அச்சடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல அதில் 'ஃபார்மட்' என்று ஒரு கூற்று உண்டு. 'எஃப்8.2' என்று எழுதினால், மொத்தம் 8 இடம், அதில் புள்ளிக்குப் பின் 2 இலக்கம் என்று பொருள். டெசிமல் டேபுலேட்டரின் வேலைதான். சாவிக்குப் பதில் எழுத்து.

8 இடத்தில் அடங்காத விடை வந்தால்? ஃபோர்ட்ரான் 77 தரநிலை திட்டவட்டமாகச் சொன்னது: அந்த 8 இடத்தையும் நட்சத்திரக் குறியால் நிரப்பிவிடு. பக்கம் பக்கமாக எண்கள் வந்துகொண்டிருக்கும்போது நடுவில்  என்று ஒன்று தெரிந்தால், பார்ப்பவர் நிறுத்தி விசாரிப்பார். பத்தியும் கோணவில்லை, பொய்யும் சொல்லவில்லை. எக்செலின் ##### இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

வணிகக் கணக்குக்கென்று 1959-60-இல் உருவான கோபால் மொழி வேறு வழியில் போனது. அச்சில் தொகை எப்படித் தெரிய வேண்டும் என்பதை அதில் 'பிக்சர்' என்று படமாகவே எழுதிக் காட்டலாம். முன்னால் வரும் வெற்றுப் பூஜ்யங்களை மறைக்கலாம்; கமாவை வேண்டிய இடத்தில் வைக்கலாம், நம் லட்சக் கமா உட்பட. காசோலையில் தொகைக்கு முன் யாரும் இலக்கம் சேர்த்துவிடாதபடி காலி இடத்தை நட்சத்திரத்தால் அடைக்கலாம். இவ்வளவு நேர்த்தி! ஆனால் பெரிய எண்ணைச் சிறிய இடத்துக்கு மாற்றினால், வலப்பக்கம் இருப்பதை வைத்துக்கொண்டு இடப்பக்கம் மிஞ்சும் இலக்கங்களை வெட்டிவிடும். நிரல் எழுதியவர் தனியாக எச்சரிக்கை கேட்காவிட்டால் ஒரு சத்தமும் இருக்காது. 1,25,000 ரூபாயை ஐந்து இலக்க இடத்தில் போட்டால் 25,000 என்று பத்தியில் அழகாக, நேராக நிற்கும். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. கோணலாக நிற்கும் உண்மையைவிட நேராக நிற்கும் பொய் ஆபத்தானது என்று ஃபோர்ட்ரான் ஆட்கள் சொல்லியிருந்தால் அது நியாயம்தான்.

மூன்றாவது வழி சி மொழியின் 'பிரின்ட்எஃப்' கட்டளையுடையது. 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. எட்டு இடம் என்று நீங்கள் சொன்னால் 'குறைந்தது எட்டு' என்று அது எடுத்துக்கொள்ளும். எண் பெரிதானால் முழுதாக அச்சடித்துவிடும். அந்த வரியில் பின்னால் வருகிறதெல்லாம் வலப்பக்கம் தள்ளிப் போகும். பத்தி கோணும், எண் பிழைக்கும்.

என்னைக் கேட்டால், மனிதர் படிக்கும் பட்டியலுக்குப் பிரின்ட்எஃப் வழியே நல்லது. கோணல் நம் கண்ணுக்கு உடனே தெரிகிறது. ஆனால் வரிகளைப் படிப்பது இன்னொரு நிரலாக இருந்தால் இந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு வருகிறேன்.

இடையில் பிரின்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐபிஎம் 1959-இல் கொண்டுவந்த 1403 என்ற பிரின்டர் ஒரு வரியில் 132 இடம், நிமிடத்துக்கு 600 வரி என்று அடித்துத் தள்ளியது. அலுவலகங்களில் பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட, ஓரத்தில் துளையிட்ட மடிப்புக் காகிதம் ஞாபகம் இருக்கிறதா? கோடு எதற்கு என்றால், 132 இடம் அகலமுள்ள வரியில் கண் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போவதற்குள் வரி மாறிவிடாமல் இருக்க. பின்னால் நம் ஊர்க் கடைகளுக்கு வந்த டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்களும் 80 இடம், 136 இடம் என்றே இரண்டு ஜாதியாக விற்றன. ரயில் பெட்டிக் கதவருகே ஒட்டிய முன்பதிவுச் சார்ட்டில் நீளமான பெயர்களின் வால் வெட்டுப்பட்டு நின்றதும் இந்த மனை பிரிக்கும் வேலையால்தான். நம் பெயர்களில் வால் பகுதியில்தான் ராமன், கிருஷ்ணன், லட்சுமி எல்லாம் இருப்பார்கள். 'வெங்கடசுப்பிர' என்பதோடு நின்றால் அது யாராகவும் இருக்கலாம்.

கறுப்புத் திரையில் ஒரு சண்டை

பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் இருந்தது திரை அல்ல, டெலிடைப். மாடல் 33 என்ற அந்த மெஷின் நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். ஒரு வரிக்கு 72 இடம். ஒரு முழு வரி அடிக்க ஏழு நொடிக்கு மேல் ஆகும். வீண் அலங்காரத்துக்கு அங்கே இடமே இல்லை. கட்டளையைத் தட்டினால் பதில் வரும், தலைப்பு, கோடு, நன்றி வணக்கம் எதுவும் இல்லாமல்.

ஒரு கோப்புறையில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பார்க்கும் கட்டளை 'எல்எஸ்'. அது வரிக்கு ஒரு பெயராக எழுதும். இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. டக் மெக்கில்ராயின் யோசனைப்படி 1973-இல் யூனிக்ஸில் 'பைப்' வந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குக் குழாய் போட்டு அனுப்பலாம். எல்எஸ் வரிக்கு ஒன்றாக எழுதுவதால், அதை வரி எண்ணும் நிரலுக்கு அனுப்பினால் கோப்புகளின் எண்ணிக்கை வந்துவிடும். ஒரு வரி, ஒரு பொருள். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

டெலிடைப் போய்க் கண்ணாடித் திரை வந்ததும் பிரச்சினை வந்தது. திரையில் 24 வரிதான். நூறு கோப்பு இருந்தால் முதல் எழுபத்தைந்து மேலே ஓடி மறைந்துவிடும். வலப்பக்கம் முக்கால்வாசித் திரை காலியாகக் கிடக்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் எல்எஸ்ஸையே மாற்றினார்கள். மிக நீளமான பெயரை அளந்து, திரையின் அகலத்தில் எத்தனை பத்தி அடங்கும் என்று கணக்குப் போட்டு, பெயர்களைப் பத்தி பத்தியாக அடுக்கியது புதிய எல்எஸ். பைப் ஒப்பந்தம் உடையக் கூடாதே? அதற்கும் வழி செய்தார்கள். தன் வெளியீடு திரைக்குப் போகிறதா, இன்னொரு நிரலுக்குப் போகிறதா என்று எல்எஸ் பார்த்துக்கொள்ளும். திரை என்றால் பத்திகள். நிரல் என்றால் பழையபடி வரிக்கு ஒன்று.

ஆள் பார்த்துப் பேச்சை மாற்றும் இந்தக் குணம் பெல் ஆய்வுக்கூடக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ராப் பைக்கும் பிரையன் கெர்னிகனும் யூனிக்ஸ் சூழலில் நிரல் வடிவமைப்பு பற்றி 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் இதை எடுத்துக்கொண்டு வாதாடினார்கள். பத்தி பிரிப்பது எல்எஸ்ஸின் வேலையா? கோப்புப் பெயர்களுக்கு மட்டும்தான் பத்தி தேவையா, மற்ற பட்டியல்களுக்கு வேண்டாமா? அதைத் தனி நிரலாக வைத்தால் எல்லோருக்கும் பயன்படுமே என்பது அவர்கள் கட்சி. பிறகு பெல் ஆய்வுக்கூடத்தில் பிளான் 9 என்ற புதிய இயங்குதளத்தைக் கட்டியபோது சொன்னதைச் செய்தும் காட்டினார்கள். அங்கே எல்எஸ் வரிக்கு ஒன்றாகவே எழுதும். பத்தி பிரிக்க 'எம்சி' என்று தனி நிரல். இரண்டையும் இணைத்து 'எல்சி' என்று ஒரு சுருக்கக் கட்டளை.

வாதத்தில் ஜெயித்தவர்கள் பைக்கும் கெர்னிகனும். நடைமுறையில் ஜெயித்தது பெர்க்லி. இன்று லினக்ஸிலும் மேக்கிலும் எல்எஸ் தட்டினால் வருவது பெர்க்லி வழிதான். ஆனால் பெர்க்லிக்காரர்களே 1990-இல் 4.3 பிஎஸ்டி ரெனோ பதிப்பில் 'காலம்' என்ற தனிக் கட்டளையைச் சேர்த்தார்கள். எந்தப் பட்டியலையும் கொடுக்கலாம், நேரான பத்தியாக்கித் தரும். '-டி' என்று சேர்த்துச் சொன்னால் அட்டவணையாகவே அடுக்கும். எதிர்க்கட்சியின் கோரிக்கையைச் சத்தமில்லாமல் நிறைவேற்றுவது அரசியலில் மட்டும் நடப்பதில்லை.

'காலம் -டி' எப்படி வேலை செய்கிறது தெரியுமா? முதலில் முழுப் பட்டியலையும் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பத்தியிலும் மிக நீளமான சொல்லின் அளவை எடுக்கும். இடைவெளியைச் சேர்க்கும். பிறகுதான் முதல் வரியை எழுதும். அச்சாக அந்த ஸ்டேட்மென்ட் பேப்பர். இதனால் ஓயாமல் வரிகள் வந்துகொண்டேயிருக்கும் ஒன்றை அதற்குக் கொடுத்தால், பட்டியல் முடியட்டும் என்று அது வாய் திறக்காமல் காத்திருக்கும். நேராக நிறுத்த வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். உடனே வேண்டுமென்றால் அகலத்தை முன்கூட்டி ஊகிக்க வேண்டும். ஊகித்தால் மறுபடியும் நட்சத்திரமா, கத்திரிக்கோலா என்ற பழைய வழக்கு.

நிரல்கள் படிப்பதைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? 'டிஎஃப்' என்று ஒரு கட்டளை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று அழகான பத்திகளில் காட்டும். நிர்வாகிகள் பலர் அதன் வரிகளிலிருந்து ஐந்தாவது பத்தியை எடுத்து, 90 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை அனுப்பும்படி சிறு நிரல்கள் எழுதி வைத்திருந்தார்கள். முதல் பத்தியில் டிஸ்க்கின் பெயர் இருக்கும். வலையமைப்பு டிஸ்க்குகள் வந்ததும் பெயர்கள் நீண்டன. பெயர் நீண்டால் லினக்ஸின் பழைய டிஎஃப், பத்திகள் கோணக் கூடாதென்று பெயரை ஒரு வரியிலும் எண்களை அடுத்த வரியிலுமாக மடித்துப் போட்டது. மனிதக் கண்ணுக்கு அது நல்ல ஏற்பாடு. ஐந்தாவது பத்தியைத் தேடிய நிரலுக்கோ முதல் வரியில் ஒன்றுமில்லை. இரண்டாவது வரியில் எல்லாம் ஒரு பத்தி தள்ளி. டிஸ்க் நிரம்பி வழிந்தாலும் எச்சரிக்கை மணி அடிக்காது. '-பி' என்று சேர்த்துக் கேட்டால் மடிக்காமல் ஒரே வரியில் தரும் என்பது பொது தரநிலையான போசிக்ஸில் இருந்தது, தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். பிற்காலப் பதிப்புகளில் மடிக்கும் பழக்கத்தையே எடுத்துவிட்டார்கள்.

அந்த அனுபவங்களுக்குப் பிறகு கணினி உலகம் மெல்ல ஒரு முடிவுக்கு வந்தது. நேரான பத்தி மனிதருக்கு. இயந்திரத்துக்கு வேறு வடிவம். 2017-இல் லினக்ஸின் 'காலம்' கட்டளையைப் புதிதாக எழுதியபோது, அதே பட்டியலை அட்டவணையாகவும் தரலாம், நிரல்கள் படிக்கும் ஜேசன் வடிவிலும் தரலாம் என்று வைத்தார்கள்.

'மின்சாரம்' எத்தனை இடம்?

இதுவரை சொன்னதெல்லாம் ஓர் எழுத்துக்கு ஓர் இடம் என்ற அஸ்திவாரத்தில் நிற்பது. தமிழ் வந்ததும் அஸ்திவாரமே ஆடுகிறது.

'மின்சாரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மி, ன், சா, ர, ம். பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் ஐந்து எழுத்து என்று சொல்லிவிடும். யூனிகோடில் மெய்ப்புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அங்கே 9. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 27. சி மொழியின் பிரின்ட்எஃப் பைட்டைத்தான் எண்ணும். 20 இடம் என்று நீங்கள் ஒதுக்கினால், இந்தச் சின்னச் சொல் ஏற்கெனவே 27 என்று நினைத்துக்கொண்டு ஓர் இடைவெளிகூடச் சேர்க்காது. பைத்தான் மொழி 9 என்று எண்ணும். திரையில் ஓர் எழுத்து எத்தனை இடம் பிடிக்கும் என்று சொல்ல 'டபிள்யூசிவிட்த்' என்று ஒரு நிரற்கூறு உண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்குஸ் கூன் எழுதி இலவசமாகக் கொடுத்ததைப் பல மென்பொருள்கள் எடுத்துக்கொண்டன. சீன எழுத்துக்கு 2 இடம், ஆங்கில எழுத்துக்கு 1, மெய்ப்புள்ளிக்கு 0, துணைக்காலுக்கு 1 என்பது அதன் கணக்கு. அதன்படி மின்சாரம் 7. ஒரே சொல்லுக்கு 5, 7, 9, 27 என்று நான்கு விடை. கண்ணுக்குத் தெரியும் அகலமோ எழுத்துருவைப் பொறுத்தது. 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலத்தில் நிற்குமா என்ன?

மெய்ப்புள்ளிக்கு 0 இடம் என்பதைக் கேட்டதும் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர்கள் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சு அமைத்தபோது 'நகரா விசை' என்ற ஏற்பாட்டைச் செய்தார். புள்ளியை முதலில் அடிப்போம், மெஷின் நகராது. அதே இடத்தில் மெய்யை அடிப்போம், அப்போது நகரும். இரண்டு தட்டு, ஓர் இடம். டபிள்யூசிவிட்த்தின் 0 இடம் அங்கே இரும்பிலேயே இருந்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் பிளாக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் மெயின்டனன்ஸ் பட்டியல் ஒன்று வந்ததே, பெயர், பாக்கி, முன்பணம் என்று மூன்று பத்தியாக. அனுப்பியவர் கணினியில் நேராகத்தான் அடுக்கியிருந்தார். போனில் எழுத்தின் அகலம் எழுத்துக்கு எழுத்து மாறும் என்பதால் எண்கள் இடம் பெயர்ந்துவிட்டன. முன்பணம் கட்டியவர் பாக்கிக்காரர்போல் தெரிந்தார். பாக்கி வைத்தவர் நல்ல பெயர் வாங்கினார். இரண்டு நாள் குரூப்பில் வேறு பேச்சே இல்லை. முன்பணம் கட்டியவர் பொதுக்குழுவில் ரசீதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்த பிறகுதான் அடங்கியது.

வாட்ஸ்அப்பில் இதற்கு அரை வைத்தியம் உண்டு. கீபோர்டில் எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த ஒற்றைக் குறியை மூன்று முறை செய்தியின் முன்னும் பின்னும் போட்டால், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் தட்டச்சு எழுத்துருவுக்கு அது மாறும். எண்களும் ஆங்கிலமும் நேராகிவிடும். தமிழ் நேராகாது, அந்த எழுத்துருவில் தமிழ் இருப்பதில்லை, போன் வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போடும்.

மீதி அரை வைத்தியம் யூனிக்ஸ்காரர்களிடம் இருக்கிறது. எல்எஸ்ஸிடம் விவரமான பட்டியல் கேட்டால் கோப்பின் அளவும் தேதியும் முதலில் வரும், பெயர் வரியின் கடைசியில். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் 'பிஎஸ்' கட்டளையிலும் எண்கள் முன்னால், நிரலின் பெயர் கடைசியில். நீளம் கட்டுக்கடங்காதது எதுவோ அதைக் கடைசிப் பத்தியில் வைத்துவிட்டால், அது எவ்வளவு நீண்டாலும் அதன் பின்னால் கோணுவதற்கு எதுவும் இல்லை. யாருடைய பெயரின் வாலையும் வெட்ட வேண்டியதும் இல்லை. உதாரணத்துக்கு, தொகையை முன்னால் போட்டு, விவரத்தைத் தமிழில் பின்னால் எழுதினால் இப்படி வரும்:

18,400  டேங்கர் தண்ணீர்
12,750  லிஃப்ட் பராமரிப்பு
09,600  பொது மின்சாரம்
07,250  தோட்டம், துப்புரவு

நான்கு இலக்கத் தொகைக்கு முன்னால் பூஜ்யம் போட்டிருப்பது இலக்கம் இலக்கத்தின் கீழ் நிற்பதற்காக. டெசிமல் டேபுலேட்டர் இருந்தால் அதுவும் வேண்டியிருக்காது.